கெட்டியான பிராத்தைக் கலக்க எத்தனை கிலோவாட் வேண்டும்? முதன்முறை ஃபெர்மென்டர் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது ஃபெர்மென்டர் (நுண்ணுயிர் வளர்க்கும் டேங்க்) வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றால், மேலே இருப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வி "மோட்டார் எத்தனை கிலோவாட்?" என்பதுதான். அதற்கு உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் போல ஓடும் பாக்டீரியா கல்ச்சராக இருந்தால் பழைய டேங்கைப் பார்த்து அப்படியே சொல்லிவிடலாம், பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது. சாந்தன் கம், புல்லுலான், பூஞ்சை வகைகள் மாதிரி போகப்போகக் கெட்டியாகும் பிராத்தில் (டேங்குக்குள் நுண்ணுயிர் வளரும் திரவம்) அது நடக்காது. அங்கே ஒரே டேங்குக்கு ஒரே பேட்ச்சில் நான்கு வேறு வேறு சக்திக் கணக்குகள் இருக்கின்றன: தண்ணீர் மாதிரி இருக்கும்போது காற்றோடும் காற்றில்லாமலும், கெட்டியான பிறகு காற்றோடும் காற்றில்லாமலும். இந்த நான்கையும் போட்ட பிறகுதான் மோட்டார்.

நாங்கள் வெண்டர்களிடம் கேட்டபோது ஆளுக்கு ஒரு எண் வந்தது, ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கு ஒரு நிலைக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள், எந்த நிலை என்று மட்டும் எழுதவில்லை. அந்தக் குழப்பம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு சாந்தன் டேங்க்: உள்விட்டம் 1.5 மீட்டர், திரவ உயரம் 3 மீட்டர், கொள்ளளவு சுமார் 5.3 கனமீட்டர். 0.6 மீட்டர் விட்டமுள்ள ரஷ்டன் டர்பைன் (வட்டத் தட்டில் நேர் பிளேடுகள் பொருத்திய இம்பெல்லர், அதாவது கலக்கும் சக்கரம்) மூன்று, ஒரே ஷாஃப்டில். வேகம் 150 ஆர்பிஎம், அதாவது செகண்டுக்கு 2.5 சுற்று.

1. முதலில் பிராத்தை அளந்துகொள்ளுங்கள்

"கடைசியில் தேன் மாதிரி ஆகிவிடும் சார்" என்று புரொடக்‌ஷனில் சொல்வார்கள். தேன் எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் அதே கெட்டிதான். சாந்தன் பிராத் அப்படியில்லை, கலக்கக் கலக்க இளகும், விட்டால் திரும்ப இறுகும். அதனால் விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, "3,000 சென்டிபாய்ஸ்" என்று ஒற்றை எண் வந்தால், எந்த வேகத்தில் எந்த ஸ்பிண்டிலில் (அளக்கும் கருவியில் சுழலும் தண்டு) எடுத்தது என்று இல்லாதவரை அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

ஐந்தாறு வேகங்களில் அளவெடுங்கள். ஷியர் ரேட்டையும் (திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) ஷியர் ஸ்ட்ரெஸ்ஸையும் (அப்படி வழுக்கவைக்கப் பரப்புக்குத் தேவையான விசை) லாக் தாளில் போட்டால் ஏறக்குறைய நேர்கோடு வரும். அதன் சாய்வுதான் ஃப்ளோ இண்டெக்ஸ், ஷியர் ரேட் 1 இருக்கும் இடத்தில் படிக்கும் ஸ்ட்ரெஸ்தான் கன்சிஸ்டென்சி எண். ஃப்ளோ இண்டெக்ஸ் 1 என்றால் தண்ணீர், தேன் வகை. 0.2, 0.3 என்று இறங்க இறங்க, கலக்கும்போது இளகும் குணம் கடுமையாகிறது. உங்கள் டேங்கில் இம்பெல்லரைச் சுற்றி இருக்கும் ஷியர் ரேட் செகண்டுக்குச் சில பத்துகள்தான், அதனால் 5 முதல் 50 வரையிலான பகுதியில் நிறைய புள்ளிகள் எடுங்கள். ஆயிரத்தில் எடுத்த புள்ளிகளை வைத்து நீட்டிப் போட்ட கோடு உதவாது.

சாம்பிள் விஷயத்தில் மூன்று கவனம். ஃபெர்மென்டேஷன் வெப்பநிலையிலேயே அளக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்ததை அல்ல. குமிழிகளை நீக்க வேண்டும். சாந்தன் பிராத்தை பீக்கரில் ஊற்றி மேஜையில் வைத்தால் காலையில் வைத்த குமிழி மாலையிலும் அதே இடத்தில் நிற்கும், அதனால் லேசாக வாக்குவம் போடுங்கள். பூஞ்சைக் கல்ச்சராக இருந்தால் நார்கள் ஸ்பிண்டிலில் சுற்றிக்கொள்ளும், இல்லை அடியில் படிந்து மேலே வெறும் நீரை அளந்துகொண்டிருப்பீர்கள். அதற்கு வேன் வகை (இறக்கைத் தகடுகள் உள்ள) ஸ்பிண்டில் வேண்டும்.

வெளி லேபுக்கு அனுப்புகிறீர்களா? கடிதத்திலேயே "ஷியர் ரேட், ஷியர் ஸ்ட்ரெஸ் அட்டவணை வேண்டும், ஈல்ட் ஸ்ட்ரெஸ் வேண்டும்" என்று எழுதிவிடுங்கள் (ஈல்ட் ஸ்ட்ரெஸ் என்றால் பிராத் நகரத் தொடங்கத் தேவையான ஸ்ட்ரெஸ்). எழுதாவிட்டால் ஒரு வரி ரிப்போர்ட்தான் வரும், மறுபடி பணம் கட்ட வேண்டும், அதற்குள் பேட்ச்சும் முடிந்திருக்கும். தொடக்கம், நடு, முடிவு என்று குறைந்தது மூன்று நேரத்து சாம்பிள் வேண்டும். இந்த அளவுகளின் பட்டியல் ஒரே பக்கத்தில் கையில் இல்லாமல் வெண்டருக்கு என்கொயரி அனுப்ப வேண்டாம்.

உதாரண டேங்குக்கு, பேட்ச் முடிவில் கன்சிஸ்டென்சி எண் எஸ்ஐ அலகில் 10, ஃப்ளோ இண்டெக்ஸ் 0.3 என்று வைத்துக்கொள்வோம்.

2. தண்ணீர்க் கணக்கு

இது சுலபம். சக்தி = பவர் நம்பர் × அடர்த்தி × (சுற்று வேகம்)³ × (இம்பெல்லர் விட்டம்)⁵. வேகம் செகண்டுக்குச் சுற்று, விட்டம் மீட்டர், விடை வாட்டில் வரும். ஆர்பிஎம்மை அப்படியே போட்டுவிட்டு விடை லட்சக்கணக்கில் வருகிறதே என்று முழிப்பவர்கள் ஏராளம்.

பவர் நம்பர் இம்பெல்லரின் வடிவத்தைப் பொறுத்தது. ரஷ்டனுக்குச் சுமார் 5, குழிந்த பிளேடு உள்ள டர்பைனுக்கு 3-ஐ ஒட்டி, நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்த நான்கு பிளேடுக்கு 1.3 முதல் 1.5, ஒல்லியான ஹைட்ரோஃபாயிலுக்கு (விமான இறக்கை மாதிரி வளைந்த பிளேடு) 0.3. வெண்டரிடம் அவருடைய சொந்த எண்ணைக் கேளுங்கள், பிளேடு தடிமன் மாறினால்கூட இது கொஞ்சம் மாறும்.

நம் டேங்குக்கு 5 × 1000 × 15.6 × 0.0778, அதாவது ஒரு இம்பெல்லருக்குச் சுமார் 6.1 கிலோவாட். இம்பெல்லர்களுக்கு நடுவே ஒரு விட்ட அளவுக்காவது இடைவெளி இருந்தால் மூன்றையும் கூட்டிக்கொள்ளலாம்: 18.2 கிலோவாட். கனமீட்டருக்கு 3.4.

கவனிக்க வேண்டியது அந்த மூன்றும் ஐந்தும்தான். வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் சக்தி 33 சதவீதம் ஏறும். விட்டத்தை வெறும் ஐந்து சதவீதம் கூட்டினால் 28 சதவீதம். "கொஞ்சம் பெரிய இம்பெல்லர் போட்டுக்கலாம்" என்று மீட்டிங்கில் யாராவது சாதாரணமாகச் சொன்னால் உடனே கணக்கைக் காட்டுங்கள்.

3. கெட்டித்தன்மையை உள்ளே கொண்டுவருவது

இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது. இளகும் திரவத்துக்கு எந்த விஸ்காசிட்டியைப் போடுவது? 1957-ல் மெட்ஸ்னர், ஓட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன வழியையே இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: இம்பெல்லரைச் சுற்றி உள்ள சராசரி ஷியர் ரேட், சுற்று வேகத்துக்கு நேர்விகிதம். ரஷ்டனுக்கு அந்தப் பெருக்கி 11 முதல் 12.

2.5 × 11.5 = சுமார் 29. இந்த ஷியர் ரேட்டில் நம் பிராத்தின் விஸ்காசிட்டி, 10-ஐ 29-இன் 0.7 அடுக்கால் வகுத்தால், 0.95 பாஸ்கல் செகண்ட். அதாவது 950 சென்டிபாய்ஸ். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் கொந்தளிப்பா, அமைதியா என்று காட்டும் எண்) = அடர்த்தி × வேகம் × விட்டத்தின் வர்க்கம் ÷ விஸ்காசிட்டி, போட்டால் 950-க்குக் கொஞ்சம் கீழே. பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால்தான் முழுக் கொந்தளிப்பு, பத்துக்குக் கீழே இருந்தால் படல ஓட்டம், நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம்.

இப்போது பவர் நம்பர் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு ஆச்சரியம். ரஷ்டனின் எண் இந்த நடுப்பகுதியில் ஏறவில்லை, இறங்குகிறது. சுமார் 4 என்று படிக்கலாம். ஆக மூன்று இம்பெல்லருக்கும் 14.6 கிலோவாட்தான். கெட்டியான பிராத், தண்ணீரைவிடக் குறைவாக இழுக்கிறது! ரெனால்ட்ஸ் எண் சில பத்துகளுக்கு இறங்கும்வரை இந்த நிலைதான். கெட்டியாகிறது என்றாலே பெரிய மோட்டார் வேண்டும் என்ற பேச்சு இதனால்தான் அரைகுறை. வேகம் அதேயாக இருந்தால் மோட்டாருக்குச் சுமை ஏறாது, கலக்கல்தான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது. அதை ஐந்தாவது படியில் பார்ப்போம்.

லேபிலிருந்து அளவு கூட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேஜை ஃபெர்மென்டர் 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஷியர் ரேட் 150-ஐத் தாண்டும், அங்கே இதே பிராத் 300 சென்டிபாய்ஸ்தான். பெரிய டேங்கில் 950. ஆகவே "லேபில் இவ்வளவு கெட்டியாக இல்லையே" என்று மைக்ரோபயாலஜி நண்பர்கள் சொல்வதும் உண்மை, உங்கள் டேங்கில் மூன்று மடங்கு கெட்டியாக நிற்பதும் உண்மை.

4. காற்றைத் திறந்தால் என்ன ஆகும்

ஸ்பார்ஜரிலிருந்து (டேங்கின் அடியில் காற்று விடும் குழாய்) வரும் காற்று, பிளேடுகளின் பின்பக்கம் பை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பிளேடு தள்ளவேண்டிய எதிர்ப்பு குறைகிறது, சக்தியும் விழுகிறது. ரஷ்டனில் இந்த வீழ்ச்சி பெரியது, பாதிவரை போகும். குழிந்த பிளேடில் பை பெரிதாக உருவாக இடமில்லை, பத்து முதல் இருபத்தைந்து சதவீதம்தான் விழும்.

முதலில் காற்றின் அளவைச் சரியாக எடுங்கள். 0.5 விவிஎம் (நிமிடத்துக்கு, திரவக் கொள்ளளவில் எத்தனை மடங்கு காற்று என்ற அளவு) என்றால் நம் டேங்குக்கு நிமிடத்துக்கு 2.65 கனமீட்டர், ஆனால் அது நார்மல் அளவு, அதாவது 0 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தில் கணக்கிட்டது. டேங்குக்குள் மேலழுத்தம் அரை பார், அதோடு திரவத்தின் எடை, 30 டிகிரி வெப்பம், எல்லாம் சேர்த்தால் இம்பெல்லர் பார்க்கும் காற்று செகண்டுக்கு 0.044 அல்ல, 0.030 கனமீட்டர்தான். டேட்டா ஷீட்டில் "நார்மலா, ஆக்சுவலா" என்று ஒரு வார்த்தை சேர்க்காததால் வரும் சண்டைகள் ஏராளம்.

மைக்கேல்–மில்லர் சூத்திரம் எல்லா வெண்டர்களும் பயன்படுத்துவது: காற்றில்லாத சக்தியின் வர்க்கம் × வேகம் × விட்டத்தின் கனம், இதைக் காற்றோட்டத்தின் 0.56 அடுக்கால் வகுத்து, வந்ததை 0.45 அடுக்குக்கு உயர்த்தி, 0.72-ஆல் பெருக்க வேண்டும். சிலர் 0.8-ஐ ஒட்டிய மாறிலி போடுவார்கள். நம் அடி இம்பெல்லருக்கு 6.1 கிலோவாட் 3.4 ஆகிறது, 55 சதவீதம். இது தண்ணீர் நிலைக்கு. மேலே உள்ள இம்பெல்லர்களுக்குக் காற்று முழுதாகப் போய்ச் சேராது, அவற்றின் வீழ்ச்சி குறைவு.

கெட்டியான பிராத்தில் இந்தச் சூத்திரத்தை நம்பக்கூடாது. அங்கே காற்றுப்பைகள் பிளேடோடு ஒட்டி அப்படியே நிற்கும், காற்றைக் குறைத்தாலும் உடனே போகாது, கொஞ்சம் காற்றிலேயே வீழ்ச்சி முழுதாக வந்துவிடும். அதனால் ரஷ்டனுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டு மேலே போவது நல்லது: 14.6-இல் பாதி, 7.3 கிலோவாட். கனமீட்டருக்கு 1.4. உற்பத்தி டேங்குகள் வழக்கமாக 1 முதல் 3 கிலோவாட் வரை இருக்கும், நாம் கீழ்ப்பக்கம் நிற்கிறோம்.

ஆக்ஸிஜன் போதவில்லை என்றதும் ஆபரேட்டர் செய்யும் முதல் வேலை காற்று வால்வைத் திறப்பது. கெட்டியான பிராத்தில் கூடுதல் காற்று பெரிய பெரிய குமிழிகளாகச் சேர்ந்து நடுவில் விறுவிறுவென்று மேலே போய்விடும், நுரை ஏறும், ஆக்ஸிஜன் மானி அசையாது. வேகத்தை ஏற்ற இடமிருந்தால் அதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். ஆபரேட்டிங் தாளில் இந்த வரிசையை எழுதி ஒட்டிவிடுங்கள்.

5. சுவரோரம் அசைகிறதா?

சாந்தன் மாதிரி பிராத்துக்கு ஈல்ட் ஸ்ட்ரெஸ் உண்டு. அந்த அளவைத் தாண்டித் தள்ளினால்தான் அது நகரும். இம்பெல்லரைச் சுற்றி ஒரு குகை போல ஓட்டம் இருக்கும், வெளியே எதுவும் அசையாது. சைட் கிளாஸ் வழியாகப் பாருங்கள்: நடுவில் மேற்பரப்பு சுழன்றுகொண்டிருக்கும், சுவரை ஒட்டி விழுந்த ஆண்டிஃபோம் (நுரை அடக்கும் திரவம்) சொட்டு மட்டும் வெள்ளையாக, விழுந்த இடத்திலேயே, அடுத்த ரவுண்டு வந்து பார்க்கும்போதும் இருக்கும். மோட்டார் மீட்டர் எல்லாம் சரியாகக் காட்டும். கூலிங் ஜாக்கெட் இருப்பதோ அந்தச் சுவரில்தான்.

குகையின் விட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. அடர்த்தி × வேக வர்க்கம் × இம்பெல்லர் விட்ட வர்க்கம் ÷ ஈல்ட் ஸ்ட்ரெஸ், இதைப் பவர் நம்பராலும் 0.138-ஆலும் பெருக்கி, கனமூலம் எடுத்தால், குகை இம்பெல்லரைப்போல எத்தனை மடங்கு என்று வரும். நம் உதாரணத்தைவிடக் கடினமான பிராத், ஈல்ட் ஸ்ட்ரெஸ் 20 பாஸ்கல் என்று வைத்தால், 150 ஆர்பிஎம்மில் விடை சுவரைத் தாண்டிவிடுகிறது, பிரச்சினையில்லை. (சுவரைத் தாண்டிய விடைக்கு எண்ணாக அர்த்தமில்லை, தொட்டுவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.) மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று 50 ஆர்பிஎம்முக்கு இறக்கினால் குகை 1.1 மீட்டர்தான், சுவரைச் சுற்றிலும் 20 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிராத் சும்மா நிற்கும்.

உயரம் இன்னும் மோசம். ரஷ்டனின் குகை தட்டையானது, உயரம் அதன் அகலத்தில் சுமார் 0.4. சுவரைத் தொடும் நேரத்தில் 60 சென்டிமீட்டர்தான். மூன்று மீட்டர் திரவத்துக்கு மூன்று இம்பெல்லர் என்றால், தொட்ட அந்த நேரத்தில் 1.8 மீட்டர்தான் அசைகிறது. வேகம் ஏற ஏற உயரமும் ஏறும், மெதுவாக. ஆக உயரமான ஒல்லி டேங்க், கெட்டி பிராத்துக்குச் சுகமில்லை. கொட்டேஷனில் இரண்டு இம்பெல்லர் போட்டு விலை குறைத்துக் காட்டுபவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

6. இப்போது மோட்டார்

நான்கு எண்களும் கையில் வந்தாயிற்று: தண்ணீர் நிலையில் காற்றில்லாமல் 18.2, காற்றோடு பத்துப் பன்னிரண்டு, கெட்டியாகக் காற்றில்லாமல் 14.6, காற்றோடு 7.3. பேட்ச் முழுக்க ஓடப்போவது கடைசி எண்ணை ஒட்டித்தான், அதனால் "11 கிலோவாட் போதும்" என்று ஒரு குரல் வரும். கம்ப்ரசர் டிரிப் ஆகும் அந்த இரவில் என்ன ஆகும்? காற்று நின்றதும் பைகள் மெல்லக் கரைய, சுமை 14.6-ஐ நோக்கி ஏறும், மோட்டார் ஓவர்லோடில் விழும். கலக்கலும் நின்ற கெட்டி பிராத்தை மறுபடி கிளப்புவது தனி வேலை.

பெரிய எண்ணை எடுங்கள். 18.2-ஐ கியர்பாக்ஸ் இழப்புக்காக 0.95-ஆல் வகுத்து, மெக்கானிக்கல் சீலுக்கு (ஷாஃப்ட் டேங்குக்குள் நுழையும் இடத்தில் கசிவை அடைப்பது) அரை கிலோவாட் சேர்த்தால் 19.7. மோட்டார் 85 சதவீதச் சுமையில் ஓடவேண்டும் என்றால் 23. கடையில் கிடைப்பது 18.5, 22, 30. எல்லா நிலையிலும் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று அடம்பிடித்தால் 30. விஎஃப்டி (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) வைத்து, காற்று நின்றால் வேகம் தானாகக் குறையும்படி இன்டர்லாக் கொடுத்தால் 22 தாராளம். என் தேர்வு 22-ம் இன்டர்லாக்கும். தொடக்கத்தில் பிராத் தண்ணீராக இருக்கும்போது முழு வேகம் யாருக்கும் தேவையில்லை.

கியர்பாக்ஸில் ஹெலிகல் வகையைக் கேளுங்கள். வார்ம் கியர் விலை குறைவு, ஆனால் இழப்பு அதிகம், அந்த மிச்சம் கரன்ட் பில்லில் போய்விடும்.

விஎஃப்டி விஷயத்தில் இரண்டு பொறிகள். ஒன்று, ஃபேன், பம்ப் வகை டிரைவைக் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது கான்ஸ்டன்ட் டார்க் (எல்லா வேகத்திலும் ஒரே முறுக்கு விசை) வகை, நின்றிருந்த பிராத்தைக் கிளப்ப டார்க் தேவை. இரண்டாவதுதான் பெரியது: கியர் விகிதம். 50 ஹெர்ட்ஸில் 300 ஆர்பிஎம் வரும்படி கியர் கொடுத்துவிட்டு, விஎஃப்டியில் 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கி 150-இல் ஓட்டிக்கொள்ளுங்கள் என்பார்கள். பாதி ஹெர்ட்ஸில் 22 கிலோவாட் மோட்டார் 11-தான் தரும்! நீங்கள் ஓட்டப்போகும் வேகம் 50 ஹெர்ட்ஸை ஒட்டி வரும்படி விகிதம் கேளுங்கள். நம் டேங்குக்கு 150 ஆர்பிஎம்மில் ஷாஃப்டில் சுமார் 1,160 நியூட்டன் மீட்டர் வேண்டும், இந்த எண்ணை ஆர்டரிலேயே எழுதுங்கள். நீண்ட நேரம் குறைந்த ஹெர்ட்ஸில் ஓட்டுவீர்கள் என்றால் மோட்டாருக்குத் தனி கூலிங் ஃபேனும் வேண்டும்.

7. பழைய டேங்க் ஏற்கனவே இருந்தால்

மோட்டாரைத் தொடும் முன் இம்பெல்லரைப் பாருங்கள். அதே வேகம், அதே காற்றில்லாச் சக்தி வரும்படி ரஷ்டனுக்குப் பதில் பவர் நம்பர் 3 உள்ள குழிந்த பிளேடு போட்டால் விட்டம் 0.6-இலிருந்து 0.66 ஆகும். பலன், காற்று ஓடும்போது சக்தி பாதியாக விழாமல் பெரும்பகுதி நிற்கும், அதே மோட்டார் பிராத்துக்கு அதிகம் கொடுக்கும். மேல் இரண்டையும் அகல பிளேடு ஹைட்ரோஃபாயிலாக மாற்றி மேலும் கீழும் ஓட்டம் வரவைப்பது பலர் செய்வது.

ஆனால் மேன்ஹோலை அளந்தீர்களா? 66 சென்டிமீட்டர் இம்பெல்லர் 45 சென்டிமீட்டர் மேன்ஹோலில் நுழையாது. பிளேடுகள் போல்ட் போட்டுக் கழற்றும் வகையாக, ஹப் இரண்டாகப் பிரியும் வகையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் கிரிட்டிக்கல் ஸ்பீடும் (ஷாஃப்ட் பலமாக அதிரும் வேகம்) மறுபடி கணக்கிட வேண்டும், எடை மாறிவிட்டது.

8. கேட்டு வாங்கவேண்டிய தாள்கள்

ஆர்டர் கொடுக்கும் முன்: காற்றோடும் காற்றில்லாமலும், தண்ணீருக்கும் உங்கள் பிராத்துக்கும் தனித்தனியாகச் சக்திக் கணக்கு, கையெழுத்தோடு. இம்பெல்லர் டிராயிங், பவர் நம்பர் எழுதியது. கிரிட்டிக்கல் ஸ்பீடு கணக்கு. ஓட்டும் வேகம் அதில் எழுபது சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் வளைவும் மேல்மூடி நாசில் தாங்கும் விசையும்.

ஆர்டருக்குப் பின், தயாரிப்புக்கு முன்: ஜிஏ டிராயிங் (முழு அமைப்பின் படம்), மோட்டார், கியர்பாக்ஸ், விஎஃப்டி டேட்டா ஷீட்கள், சீல் டிராயிங். ஜிஏ டிராயிங்கில் நீங்கள் கையெழுத்து போட்ட தேதியிலிருந்துதான் டெலிவரி நாள் ஓடத் தொடங்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதனால் அதை மேஜையில் வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பெரும்பாலும் காத்திருக்க வைப்பது கியர்பாக்ஸும் சீலும்தான், அவற்றின் ஆர்டர் நகலை வெண்டரிடம் கேட்டு வாங்கி வைத்தால் பின்னால் வரும் சாக்குகள் குறையும்.

அதே வாரத்தில் மின்வாரியத்துக்கான வேலையையும் தொடங்குங்கள். அனுமதிக்கப்பட்ட மின்சுமையில் 22 கிலோவாட்டுக்கு இடமிருக்கிறதா? கூடவே கம்ப்ரசர், சில்லர். இல்லை என்றால் சுமை உயர்த்தும் விண்ணப்பம், டெபாசிட், கேபிள், பேனல் எல்லாம் வரும், டேங்க் வந்த பிறகு தொடங்கினால் டேங்க் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும்.

பணம் பற்றி ஒன்று: கடைசித் தவணையை உங்கள் இடத்தில் நடக்கும் தண்ணீர்ச் சோதனையோடு கட்டுங்கள். டெலிவரியோடு கட்டிவிட்டால் அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள்.

9. ஓட்டச் செலவு, குளிர்ச்சி

சாந்தன் பேட்ச் மூன்று நாள் ஓடுகிறது என்று வைப்போம். ஷாஃப்டில் சராசரி 8 கிலோவாட் என்றால் கியர், சீல், மோட்டார், டிரைவ் இழப்பெல்லாம் சேர்த்து மீட்டரில் பத்தைத் தொடும், மூன்று நாளைக்கு எழுநூறு யூனிட். உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதைவிடப் பலர் மறப்பது காற்றுக்கான செலவு. 7 பார் கம்ப்ரசர், நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் காற்றுக்கு ஆறேழு கிலோவாட் சாப்பிடும். நம் 2.65-க்குக் கலக்கும் மோட்டாரைவிட அதிகம் போகிறது! டேங்குக்கு வேண்டியது இரண்டு, மூன்று பார்தான் என்றால் பொது 7 பார் லைனிலிருந்து எடுத்துக் குறைக்காமல், குறைந்த அழுத்தக் கம்ப்ரசர் தனியாக வைப்பது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள்.

கலக்கும் சக்தி முழுவதும் கடைசியில் வெப்பம்தான். அதோடு நுண்ணுயிரின் வெப்பம்: ஒரு மோல் ஆக்ஸிஜனுக்குச் சுமார் 460 கிலோஜூல். மணிக்கு லிட்டருக்கு 50 மில்லிமோல் எடுக்கும் கல்ச்சர் நம் டேங்கில் 34 கிலோவாட் வெப்பம் தரும், கலக்கல் அதற்கு மேலே 7 அல்லது 8. ஜாக்கெட் கணக்கைத் தண்ணீர் விஸ்காசிட்டிக்குப் போட்டுத் தந்தால் திருப்பி அனுப்புங்கள், கெட்டி பிராத்தில் சுவர்வழி வெப்பம் கடப்பது பெரிய அளவில் குறையும், உட்சுருள் தேவைப்படலாம்.

10. தண்ணீர்ச் சோதனையும் முதல் பேட்ச்சும்

ஆம்பியரை வைத்துச் சக்தியைச் சொல்லாதீர்கள். குறைந்த சுமையில் மோட்டாரின் பவர் ஃபேக்டர் விழும், ஆம்பியர் பெரிதாகக் குறையாது. கிலோவாட் காட்டும் மீட்டர் வேண்டும், விஎஃப்டிக்கு உள்ளே போகும் பக்கம் மாட்டுங்கள். டிரைவ் காட்டும் டார்க், குறைந்த சுமையில் நம்பத்தக்கதல்ல.

வெறும் ஓட்டத்தின் சக்தியைக் கழிக்க வேண்டும், அதற்காக டேங்கைக் காலி செய்துவிட்டு ஓட்டாதீர்கள். அடி பேரிங் இருக்கும் டேங்கில் திரவம்தான் அதற்கு மசகு, காய்ந்து ஓடினால் புஷ் தேய்ந்துவிடும். கப்ளிங்கைக் கழற்றி மோட்டார், கியர்பாக்ஸை மட்டும் ஓட்டி அளவெடுங்கள், சீலுக்கு வெண்டர் தரும் எண்ணைச் சேருங்கள். இரட்டை மெக்கானிக்கல் சீல் என்றால் சீல் திரவம் அழுத்தத்தோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்ச்.

தண்ணீர் நிரப்பி நான்கைந்து வேகங்களில், காற்றில்லாமலும் மூன்று காற்றளவுகளிலும் எழுதுங்கள். காற்றில்லாத புள்ளிகள் வேகத்தின் கனத்தோடு ஏறவேண்டும்; 100 ஆர்பிஎம்மில் வந்தது 150-இல் சுமார் 3.4 மடங்கு ஆகவேண்டும். ஆகவில்லை என்றால் பேஃபிள்களை (சுவரில் உள்ள தடுப்புப் பட்டைகள்) பாருங்கள், திரவ உயரம் மேல் இம்பெல்லரை மூடியிருக்கிறதா பாருங்கள், மேலிருந்து காற்றை இழுக்கிறதா என்று சைட் கிளாஸில் பாருங்கள்.

முதல் பேட்ச்சில் ஷிஃப்டுக்கு இரண்டு முறை கிலோவாட், வேகம், காற்றளவு, டேங்க் அழுத்தம், கரைந்த ஆக்ஸிஜன், ஜாக்கெட் நீர் உள்ளே போகும், வெளியே வரும் வெப்பநிலை, இவற்றோடு ஒரு சாம்பிளின் விஸ்காசிட்டி அட்டவணை என்று ஒரே வரிசையில் பதியச் சொல்லுங்கள். கிலோவாட் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்து ஜாக்கெட்டின் வெப்பநிலை வித்தியாசமும் சேர்ந்து குறைந்தால், சுவரோரம் நிற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேகத்தை அப்போதே பத்துப் பத்தாக ஏற்றுங்கள், முழுதாக இறுகிய பிறகு ஏற்றினால் அந்த ஓரம் நகர நேரமாகும்.